கைப்பிடி காயற வரைக்கும்

கதவ இழுக்காதீங்க. இழுத்து ஒண்ணும் ஆவாது. பேசாம உக்காருங்க, சித்த நேரந்தான். நான் இருக்கறன்ல?

என்ன ஆச்சுன்னா, உள்பக்கக் கைப்பிடி அத்தனையும் நாந்தான் காலைல கழட்டினேன். கதவு திறக்கறது, கண்ணாடி ஏத்தி எறக்கறது, எல்லாமே. அக்கட்டால பெஞ்சு மேல நியூஸ் பேப்பர் விரிச்சு வரிசையாக் காயப் போட்டிருக்கறேன் பாருங்க, பிரவுன் கலர்ல. கதவோட உள்பக்கத்து டோர் பேடுக்குக் கலர் அடிச்சுத் திருப்பி மாட்டியாச்சு. கைப்பிடி மட்டும் இன்னும் ஈரம். அத மறந்துபோட்டு உங்கள உள்ள உக்காரச் சொன்னேன். கதவச் சாத்தினாத்தானே வண்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும், சாத்துங்கன்னு வேற சொன்னேன். நீங்க அந்தப் பக்கம் சாத்த, நான் இந்தப் பக்கம் சாத்த, முடிஞ்சுது கதை. அட, சிரிங்க தம்பி, சிரிச்சாத் தப்பில்ல. ஊர்ல எவனும் பண்ணாத வேலையப் பண்ணி வச்சிருக்கறேன்.

இந்தா, இந்தச் சதுரக் கம்பி மட்டும் நீட்டிட்டு இருக்குதில்ல, இதக் குறட்டுல புடிச்சு ஒரு திருப்புத் திருப்பினாத் திறந்துக்கும். குறடு எங்கன்னு கேட்டா, அதுவும் பெஞ்சு மேலதான். விரல்ல வராதுங்க, நான் பாத்துட்டேன். ஹாரனா? பேட்டரியக் கழட்டி வச்சிருக்கறனே. என் போனும் பெஞ்சு மேல. உங்களுது? சார்ஜ் போயிருச்சா? செரியாப் போச்சு போங்க. கத்தினாலும் ஊட்டுக்குள்ள கேக்காது, சமையக்கட்டு ஊட்டுக்குப் பின்னால, பொடக்காலிப் பக்கம் இருக்குது. ஆனா வெசனப்படாதீங்க. நாலு மணிக்கு எங்கூட்டுக்காரி டீ கொண்டாருவா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இன்னிக்கு வரைக்கும் தப்பினதில்ல. வெளியில இருந்து ஒரு விரல்ல திறந்தாப் போதும், திறந்துக்கும்.

பேரு என்னன்னு சொன்னீங்க? எட்வினா. என் பேரு நாகமாணிக்கம். பம்பு செட்டு வியாபாரம் பண்ணினேன், இப்ப கடைய வித்துட்டு ஊட்ல இருக்கறேன். ஸ்பேர்ஸ் கடைக்காரர் சொல்லித்தான வந்தீங்க? போன வாரந்தான் அவர்கிட்டச் சொல்லி வச்சேன், பழைய வண்டி வச்சிருக்கறவங்க உள்பக்கம் கலர் மாத்தணும்னா நம்மகிட்ட அனுப்புங்கன்னு. என்னமோ சொல்ல வர்றீங்க. இருங்க, முடிச்சர்றேன், இல்லாட்டி மறந்துபோவும். கேட்ல வந்து நின்னதும் "அம்மா இருக்காங்களா"ன்னு கேட்டீங்க பாருங்க, எனக்கு அது புடிக்கல. வண்டி விசயத்துக்கு அம்மாகிட்ட என்னங்க பேச்சு? அதான் நேரா ஷெட்டுக்கே இழுத்துட்டு வந்துட்டேன்.

ஆனா ஒண்ணு, உங்களுக்கு நல்ல கை. அந்த வெள்ளை வண்டிய ரிவர்ஸ்லயே உள்ள கொண்டாந்து, மூக்கு ரோட்டப் பாத்து நிக்கற மாதிரி நிறுத்தினீங்களே, நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். எங்க வாசல்ல அப்படி ஒருத்தரும் நிறுத்த மாட்டாங்க. ரோட்ட ஒசத்தி ஒசத்தி எங்க வாசல் பள்ளமாப் போச்சு. கேட்டத் தாண்டி ஏறணும்னா நானே ரெண்டு தரம் ஆஃப் பண்ணித்தான் ஏத்துவேன். கண்ணாடியில எல் போர்டு ஒட்டியிருக்குது, பையன் கத்துக்கறானா? கத்துக்கட்டும், கத்துக்கட்டும். அந்த வண்டியில உள்ள எல்லாம் சாம்பக் கலர் பிளாஸ்டிக்கு. அதுல நாம பண்றதுக்கு ஒண்ணுமில்ல. இதப் பாருங்க.

பின்னால சாயாதீங்க! சீட்டு இன்னும் கொஞ்சம் பிசுபிசுன்னுதான் இருக்குது. வெள்ளைச் சட்டை வேற போட்டுட்டு வந்துட்டீங்க. நிமிந்தே உக்காருங்க.

அறுபத்தினாலு மாடல் பியட்டுங்க இது. என் மாமனார் சென்னியப்பன் வாங்கினது. உள்ள ரெக்சின் எல்லாம் அவர் மாத்திப் போட்டதுதான். சிவப்பு. சீட்டு, டேஷ்போர்டு, டோர் பேடு, எல்லாம் செக்கச்செவேல்னு இருக்கும். எங்கூட்டுக்காரி கோதைநாயகி, காலேஜ் போற புள்ள அப்ப, சிவப்புதான் வேணும்னு அடம் புடிச்சாளாம். ஒத்தப் பொண்ணு, அவரும் போட்டுக் குடுத்துட்டார். வண்டி ஓட்டவும் அவரே கத்துக் குடுத்தார். காலேஜுக்கு இதுலதான் போவா, வருவா, தானே ஓட்டிட்டு. எங்க சனத்துல அன்னிக்கு எந்தப் பொண்ணும் பண்ணாத வேலை அது.

கல்யாணத்தோட வண்டியும் வந்துச்சு. நான் கேக்கல, அவங்களாக் குடுத்தாங்க. குடுத்தப்பறம் எதுக்குங்க பொம்பள ஓட்டணும்? எங்க போவணும்னு சொன்னா நான் கூட்டிட்டுப் போவ மாட்டனா? நான் இருக்கறன்ல? ஆனா ஒண்ணு சொல்றேன், நான் அவள ஓட்டாதேன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. இப்ப வருவா, நீங்களே கேட்டுக்கோங்க. ஒரு வார்த்தை சொன்னதில்ல.

நடந்தது என்னன்னா, கல்யாணமான புதுசுல மருதமலைக்குப் போனோம். பின் சீட்ல எங்கண்ணன் குடும்பம். மலைல பாதி ஏறினதும் வண்டி நின்னுபோச்சு. எடுத்தா பின்னால உருளுது. பின்னால பஸ்ஸுக்காரன் ஹாரன அமுக்கிட்டு நிக்கறான். அண்ணி "முருகா முருகா"ங்கறாங்க. எனக்கு வேத்து ஊத்துது. கோதை பக்கத்துல இருந்து, "ஏனுங்க, சித்த நகருங்க"ன்னா. நகந்தேன். ஏறி உக்காந்தா, கை பிரேக்கப் புடிச்சா, விட்டா, வண்டி குடுகுடுன்னு மேல போயிருச்சு. அண்ணன் இருந்துட்டு, "டேய் மாணிக்கம், சாவிய அம்மிணிகிட்டயே குடுத்துர்றா"ன்னு ஒரே சிரிப்பு. அன்னிக்கு மட்டும் சிரிச்சிருந்தாப் பரவால்ல. கல்யாணம், காதுகுத்து, எழவு, எங்க பாத்தாலும் "சாவி யார்கிட்டடா"ன்னு கேப்பான். சாவற வரைக்கும் கேட்டான்.

நான் கோவிச்சுக்கலிங்க. அன்னிக்கு ஊட்டுக்கு வந்து சாவிய என் பீரோவுல வச்சுப் பூட்டினேன், அவ்வளவுதான். அவளும் கேக்கல. அப்படியே வருசம் போயிருச்சு. கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன்.

புழுக்கமா இருக்குதா? தகர ஷெட்டு, சித்திரை வெயிலு, அப்படித்தான் இருக்கும். கண்ணாடி ரெண்டு விரக்கடை எறங்கியிருக்குது, மூக்க அந்தப் பக்கம் வச்சுக்கோங்க. இந்தக் கலர் வாசம் முதல்ல தலைய வலிக்கும், அப்பறம் பழகிரும்.

இந்த வேலை ஆரம்பிச்சது தை மாசத்துல. எங்களுக்கு ஒரே பொண்ணு, மேகலா, பொள்ளாச்சில கட்டிக் குடுத்திருக்குது. பிரசவம் இங்கதான் நடந்துச்சு. பேத்தி. மூணு மாசம் இங்கயே இருந்துட்டு, தைல புள்ளையத் தூக்கிட்டு மாப்பிள்ளை ஊட்டுக்குப் போயிருச்சுங்க. அதுல இருந்து கோதைக்கு இருப்புக் கொள்ளல. தொட்டில் கட்டின கொக்கியவே பாத்துட்டு உக்காந்திருப்பா. புள்ள குளிக்கறத போன்ல காட்டுவாங்க, அதப் பாத்துட்டு இவ இங்க கைய நனைச்சுக்குவா. ஒரு வெள்ளிக்கிழமை நான் சாப்பிட்டுட்டு இருக்கறேன், வந்து நின்னு, "வண்டிச் சாவியக் குடுங்க, நானே போயிப் புள்ளையப் பாத்துட்டுப் பொழுதோட வந்தர்றேன்"னா.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இத்தனை வருசம் கழிச்சு! "பாக்கலாம் பாக்கலாம், மோரு ஊத்து"ன்னேன். மறுநா காலைல வண்டியப் போயிப் பாக்கறேன், பாத்தா உள்ள எல்லாம் எவ்வளவு பழசாக் கெடக்குது! சிவப்பு மங்கி, அங்கங்க வெடிச்சு. இத்தன நாளு கண்ணுல படல பாருங்க. அன்னிக்கே சீட்டக் கழட்டிட்டேன். கிரீம் கலர் அடிச்சா எவ்வளவு கௌரவமா இருக்கும்! வயசானவங்க வண்டில சிவப்பு என்னத்துக்கு? கோதை மத்தியானம் சாவி வாங்க ஷெட்டுக்கு வந்தா. சீட்டு வாசல்ல கெடக்குது. நான் என்னங்க பண்ணட்டும்? பிரிச்சுப் போட்ட வண்டிய எப்படிக் குடுக்கறது? "அப்ப பஸ்ல போறேன்"னா. ஊட்ல வண்டிய வச்சுட்டு பஸ்ல போனா சம்மந்தி ஊட்ல என்ன நெனப்பாங்க? "சித்த பொறு, வேலை முடிஞ்சதும் நானே கூட்டிட்டுப் போறேன்"னேன். நியாயமாத்தான சொன்னேன்?

என்ன அப்படிப் பாக்கறீங்க? ஆமா, அவ கேட்டது வெள்ளிக்கிழமை, நான் கழட்டினது சனிக்கிழமை. தற்செயலா நடந்தது.

வேலையப் பத்திச் சொல்றேன், உங்களுக்கு உதவும். கலர் அடிக்கறது பெரிசில்ல, அதுக்கு முன்னால அழுக்க எடுக்கறதுதான் வேலை. சோப்புத்தூள் போட்டு பிரஷ்ல தேய்க்கணும், உப்புத்தாள் போட்டு லேசா இழைக்கணும், தின்னர்ல தொடைக்கணும். அப்பறம் ஸ்ப்ரே கன்ல மெல்லிசா ஒரு கை, காய விட்டு இன்னொரு கை. மொத்தமா ஒரே தடவைல அடிச்சா உரிஞ்சு வந்துரும். எல்லாம் முறையாத்தான் பண்ணினேன். கிரீம் அடிச்சு முடிச்சு மாட்டினதும் என்னா அழகு! பக்கத்து ஊட்டுக்காரரக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு வாரம் போச்சு. கதவத் திறக்கறேன், உள்ள எல்லாம் ரோஸு! அடியில இருந்த சிவப்பு மெதுவா மேல ஏறி வந்திருக்குதுங்க. சிவப்பு மேல வெளுத்த கலர் அடிச்சா அப்படித்தானாம், அந்தச் சாயம் அடங்காதாம். எனக்கு யாரு சொன்னாங்க?

அதவிடக் கொடுமை, டேஷ்போர்டுல வட்ட வட்டமாப் புள்ளி. கலர் அந்த எடத்துல மட்டும் ஒட்டாம விலகி நிக்குது. உத்துப் பாத்தா, அத்தனையும் குங்குமம் வச்ச எடம். ஆயுத பூஜைக்கு வருசா வருசம் கோதை டேஷ்போர்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் சந்தனம் குங்குமம் வைப்பா. மறுநா அது காஞ்சு கறையா நிக்கும். நான் தேங்காயெண்ணெய் தொட்டு வழிச்சு, பளபளன்னு இருக்கட்டும்னு நல்லாத் தேச்சு விட்டுருவேன். அத்தனை வருசத்து எண்ணெயும் ரெக்சின்ல எறங்கிக் கெடக்குது. எண்ணெய் குடிச்ச எடத்துல கலர் நிக்குமா? "பாரு, நீ வச்ச குங்குமம் பண்ணின வேலைய"ன்னு அவளக் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டிப் பாத்தா. ஒரு புள்ளிய விரல்ல தொட்டா. அப்பறம் சிரிச்சாளே ஒரு சிரிப்பு, நான் அவ அப்படிச் சிரிச்சுப் பாத்து எத்தன காலமாச்சு! "விடுங்க, அது போவாது"ன்னுட்டு உள்ள போயிட்டா.

விட முடியுமாங்க? என்னமோ சொல்ல வர்றீங்க, இருங்க இருங்க, வந்துட்டேன்.

மாசி கடைசில மறுபடி கேட்டா. புள்ளைக்குச் சளி புடிச்சிருக்குதாம். "வண்டி ஓடற மாதிரித்தான இருக்குது, ரோஸா இருந்தா என்ன, சாவியக் குடுங்க." எப்படிக் குடுக்கறது? ரோஸ் மில்க் கலர்ல ஒரு வண்டிய எடுத்துட்டு ரோட்ல போவறதா? நான் அன்னிக்குச் சாயங்காலமே கிரீம எல்லாம் இழைச்சு எடுத்துட்டு கிரே அடிக்க ஆரம்பிச்சுட்டேன். நடுவுல பங்குனில பொள்ளாச்சில புள்ளைக்குக் காது குத்து. அவசர அவசரமா முடிச்சு, நான்தான் ஓட்டிட்டுப் போனேன். கோதை பட்டுச் சேலை கட்டிட்டு முன்னால உக்காந்தா. வழியெல்லாம் ரோட்டவே பாத்துட்டு வந்தா. நான் கியர் மாத்தறப்ப எல்லாம் அவ எடது காலு தானா அமுங்குது. கவனிச்சேன்.

அங்க போனதும் புள்ளையத் தூக்கினா பாருங்க, எறக்கவே இல்ல. வண்டிக்குள்ள உக்கார வச்சு, "இது அம்மாயி வண்டி, இது அம்மாயி வண்டி"ன்னு காட்டிட்டு இருந்தா. புள்ள டோர் பேடுல கன்னத்த வச்சுத் தேய்ச்சிருச்சு. கன்னம், காது, வெள்ளைக் கவுனு, அத்தனையும் கிரே. டோர் பேடுல நான் எப்பவோ டயர் பாலிஷ் போட்டுத் தேச்சிருந்தேன், அதுமேல கலர் புடிக்கல போல. சம்மந்தியம்மா, "புள்ளைக்குத் திருஷ்டிப் பொட்ட கன்னம் பூரா வச்சுட்டீங்களா"ன்னாங்க. கூடியிருந்த ஒறம்பரை எல்லாம் சிரிச்சுது. கோதை மட்டும் சிரிக்கல. சேலைத் தலைப்ப நனைச்சு நனைச்சுப் புள்ள கன்னத்தத் தொடச்சா. கன்னம் செவந்துபோச்சு, புள்ள அழுவுது, கிரே போவல. "நீ எதுக்குப் புள்ளைய உள்ள உக்கார வச்சே"ன்னு கேட்டேன். கேக்கத்தானுங்க வேணும்? காயாத கலரு.

திரும்பி வர்றப்ப கிணத்துக்கடவு தாண்டினதும், "சித்த நிறுத்துங்க, இனி நேர் ரோடுதான, நான் ஓட்டறேன்"னா. "வெயிலு கண்ணக் கூசும்"னேன். "எனக்கா, உங்களுக்கா"ன்னா. அவ அப்படியெல்லாம் பேசறவ இல்ல. நான் நிறுத்தல. ஊட்டுக்கு வந்து மறுநாளே டோர் பேடக் கழட்டிட்டேன். இந்தத் தடவ பிரவுன். நல்ல கரும் பிரவுன். சிவப்பு எந்தப் பக்கம் ஏறி வந்தாலும் அதுல தெரியாதில்ல? தையல் ஓரத்தப் பாக்காதீங்க, அங்க மட்டும் கொஞ்சம் எட்டிப் பாக்குது. இன்னொரு கை அடிச்சாச் செரியாயிரும்.

உள்ளதச் சொல்றேன் தம்பி. வெளியில போயிச் சொல்லிராதீங்க. அவ ஸ்டியரிங்ல உக்காந்தா எனக்குப் பயமா இருக்குது. இடிச்சுருவான்னு இல்ல. நல்லா ஓட்டுவா, என்னவிட நல்லா ஓட்டுவா, அது எனக்குத் தெரியாதா? பொண்ணும் போயிருச்சு. கடையும் இல்ல. இவளும் நெனச்சா நெனச்ச நேரத்துக்குக் கெளம்பிப் போனா, இந்த ஊட்ல நான் யாரோட உக்காந்திருக்கறது? டீக்குச் சொல்றேன். நாலு மணி டீக்கு யாரப் பாக்கறதுன்னு சொல்றேன்.

ஆனா இப்ப கோதை மாறிட்டா. அந்தக் காது குத்து முடிஞ்சதுல இருந்து ஆளே மாறிட்டா. காலைல ஷூவெல்லாம் போட்டுட்டு வாக்கிங் போறா. டாக்டர் சொன்னாராம். திரும்பி வர்றப்ப மூஞ்சி தெளிஞ்சு கெடக்குது. பாத்திரம் கழுவறப்ப என்னமோ முணுமுணுன்னு பாடறா. சாவியப் பத்திப் பேச்சே இல்ல. "பிரவுன் எப்ப முடியும்"னு ஒரு வார்த்தை கேக்கல. நேத்து நானே போயி, "கோதை, இன்னும் ஒரு வாரத்துல முடிச்சர்றேன்"னேன். "மெதுவாப் பண்ணுங்க, ஒண்ணும் அவசரமில்ல"ன்னா. புரிஞ்சுக்கிட்டா. பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் லேட்டாப் புரிஞ்சாலும் நல்லாப் புரியும்.

நீங்க எதுக்குத் தலைல கை வச்சுக்கறீங்க? மறுபடியும் சாஞ்சுட்டீங்க பாருங்க! போச்சு, சட்டை போச்சு.

அதா, வந்துட்டா! சொன்னன்ல, நாலு மணின்னா நாலு மணி. கோதை! ஏ கோதை! இங்க, வண்டிக்குள்ள! கைப்பிடி இல்ல, மாட்டிக்கிட்டோம், வந்து திற! சிரிக்காதே, முதல்ல திற. டீய அந்தப் பெஞ்சு மேல வச்சுட்டு வா. பாத்து, கைப்பிடி மேல வச்சராத, ஈரம். ஒரு டம்ளர்தான் கொண்டாந்திருக்கற? ஒறம்பரை வந்திருக்கறாங்கல்ல, உனக்கு எப்படித் தெரியும், செரி விடு. என்ன இது, சாயங்காலத்துல ஷூ போட்டிருக்கற? கையில பேக்கு வேற. இந்த வெயில்லயா வாக்கிங் போற?

அந்தப் பக்கம் முதல்ல திறக்கறியா, திற திற, தம்பி பாவம், வெந்துட்டார்.

என்ன? "எட்வின் சார்"ங்கற? உனக்கு இவரத் தெரியுமா?

என்ன கத்துக் குடுத்தார்?

தம்பி, நீங்க கலர் விசயமா வரலியா? இத்தன நேரம் என்னதான் சொல்ல வந்தீங்க? அப்ப காலைல வாக்கிங்னு போனது, உங்க டிரைவிங் ஸ்கூலுக்கா? மறந்திருந்ததப் புதுப்பிச்சுக்கறதுக்கா? லைசென்ஸ் வரைக்கும் வாங்கியாச்சா? அந்த வெள்ளை வண்டி யாருது? கோதை, அந்த வண்டி யாருதுன்னு கேக்கறேன்.

உன்னுதா.

மேகலாவுக்கும் தெரியுமா. செரி. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே? கேட்டேன்னு சொல்றியா, எப்ப கேட்ட? செரி, சாவி கேட்ட, அது வேற. அதக் கேட்டதுக்கு நான் முடியாதுன்னு ஒரு தடவயாவது சொன்னனா? சொல்லு, இவர் முன்னாடியே சொல்லு, சொன்னனா?

இல்லைன்னு நீயே சொல்ற பாரு.

என்னது? பொள்ளாச்சிக்கா? நானா? நான் எதுக்கு வரணும்? முன்னால உக்காந்தாப் போதுமா, நீ ஓட்டறயா. இல்ல இல்ல, எப்படி வர்றது கோதை? பாரு, இங்க இன்னொரு கை அடிக்கணும், தையல் ஓரமெல்லாம் சிவப்பு தெரியுது. கைப்பிடி மாட்டணும். இப்படியே போட்டுட்டு எங்க வர்றது? நாளைக்குப் போலாம். நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். கூட்டிட்டுப் போறேன்னு சொல்றன்ல? கோதை. பொழுது சாயுது, வெளிச்சம் கண்ணக் கூசும். கோதை, உன்னத்தான்.

சாவிய அவகிட்டக் குடுக்காதீங்க தம்பி. குடுத்துட்டீங்களா.

அந்தக் கேட்டு மேட்டுல நிக்கும் பாருங்க. கட்டாயம் நிக்கும். அது என்னையே ரெண்டு தரம் நிறுத்திப் பாக்கற மேடு. நின்னா எறங்கி வருவா, அப்பறம் "செரி வாங்க, நீங்களே ஓட்டுங்க"ம்பா. நான் என்ன, ஓட்ட மாட்டேன்னா சொல்வேன்? ஸ்டார்ட் பண்றா. பெல்ட்டு போடறா. பாருங்க இப்ப.

ஏறிருச்சு.

ஒரு உறுமல்கூட இல்லாம ஏறிருச்சு. லெஃப்ட்ல இண்டிகேட்டரப் போட்டுட்டுத் திரும்பறா.

எட்வின், உங்ககிட்ட வந்தப்ப மேட்டுல ஒருக்காவாச்சும் வண்டிய நிறுத்தினாளா? ஒருக்காவாச்சும்? செரி, செரி. சும்மா கேட்டேன்.

நீங்க எறங்குங்க. எப்படிப் போவீங்க, பஸ்ஸா? நேரா நடந்தா மெயின் ரோடு வந்துரும். சட்டை முதுகு பூரா பிரவுன் ஒட்டியிருக்குது, தின்னர் தர்றேன், தொடச்சுப் பாருங்க. இல்ல, அது போவாது, விடுங்க. நானா? நான் சித்த உக்காந்திருக்கறேன். எறங்கி என்ன பண்ணப் போறேன்? டீ அங்கயே இருக்கட்டும், அவ வந்து சுட வச்சுத் தருவா. நீங்க போறப்ப அந்தக் கதவ நல்லா அழுத்திச் சாத்திட்டுப் போங்க தம்பி. தூசி விழுந்தாக் கலர் ஒட்டாது.